பார்க்காமல் பாஸ் கொடுப்பவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு பட்டப்பெயர்கள். எங்கள் தெருவில் அவர் நெட்டை. ஆறடி மூன்று அங்குலம். எந்த வாசலில் நுழைந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவார், குனியத் தேவையே இல்லாத வாசலிலும். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழு வருஷம் கூடைப்பந்து ஆடிய காலத்தில், கூட ஆடியவர்கள் அவருக்கு வைத்த பெயர் குட்டை. அங்கே எல்லோரும் ஆறரை அடி, ஆறே முக்கால் அடி. அணியின் குழுப் படத்தில் இவரை முன்வரிசையில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். ஐந்தடி மூன்று அங்குலத்தோடு வளர்த்தியை நிறுத்திக்கொண்டவன் நான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வரும். அதை மறைக்க நான் முயன்றதில்லை.

பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அத்தானைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. நான் திரைச்சீலை தைக்கிறவன், எழுதுகிறவன் இல்லை. தையல் நேராக வருகிற அளவுக்கு எழுத்து நேராக வராது. பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

முதலில் அவர் என்ன ஆடினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடையில் பந்தைப் போடுவது அவர் வேலை இல்லை. போடுகிறவன் கையில், அவனுக்குத் தோதான நேரத்தில், தோதான உயரத்தில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அதையும் அவனைப் பார்க்காமல் செய்ய வேண்டும். பார்த்தால் எதிராளி உஷாராகிவிடுவான். அத்தான் கண் வலது பக்கம் போகும், பந்து இடது பக்கம் போகும். எதிராளி வலது பக்கம் ஓடிப்போய் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். இதைத்தான் அவர் ஏழு வருஷம் செய்தார். கைதட்டல் முழுக்கப் பந்தைக் கூடையில் போட்டவனுக்கு. அத்தானுக்கு அதில் வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "நான் குடுக்கலேன்னா அவன் என்னத்தப் போடுவான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வருத்தம் உண்டு என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் படம் பத்திரிகையில் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. படத்தின் நடுவே ஒருவன் அந்தரத்தில் பந்தோடு பறக்கிறான். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கை அத்தானுடையது. அக்கா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் பறக்கிறவனைப் பார்த்து, "அட, இது நம்ம அவரா?" என்பார்கள். அக்கா சலிக்காமல் விரலை இடது ஓரத்துக்கு நகர்த்துவாள்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். அத்தானுடைய இரண்டாவது அணிக்கு அவள் வேலை பார்த்த மருத்துவமனையில்தான் வைத்தியம். ஒரு நாள் இவர் இடது முழங்கால் வீங்கி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். முழங்காலைத்தான் முதலில் பார்த்தேன், முகத்தை அப்புறம்தான் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்வாள். ஆறு வாரத்தில் குணமாகிவிட்டது. ஏழாவது வாரமும் மனிதர் வந்து நின்றார், வலி தாங்கவில்லை என்று. எங்கே வலிக்கிறது, காட்டுங்கள் என்றாள். வலது முழங்காலைக் காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்த நோயாளி எழுந்து வந்து பார்த்தாராம். நாலு மாதத்தில் கல்யாணம்.

கல்யாணம் ஆன புதிதில் அக்கா சமையலறையிலிருந்து, "ஏங்க, அந்த உப்பு டப்பா எங்க?" என்று கேட்டாள். அத்தான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் டப்பாவைத் தோளுக்குப் பின்னால் வீசினார். அது சரியாக அக்காவின் நெஞ்சுக்கு நேராகத்தான் வந்தது. பிடிக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் எங்கே கால் வைத்தாலும் உப்பு நறநறவென்றது. அதற்குப் பிறகு அக்கா பிடிக்கக் கற்றுக்கொண்டாள். நானும் கற்றுக்கொண்டேன். அவர்களுக்குப் பிறந்த மகள் நடக்கிறதுக்கு முன்னாலேயே பிடித்தாள். இப்போது அந்த வீட்டில் யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. சாவி, சோப்பு, ரிமோட், உருளைக்கிழங்கு எல்லாம் பறந்துதான் போகும். பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் சுவரோரமாக உட்காருவது நல்லது.

முப்பதாவது வயதில், ஒரே மாதத்தில், முழங்காலும் போயிற்று, அணியும் போயிற்று. மூன்றாவது அணி அது. டைல்ஸ் கம்பெனி ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. முதல் பிரிவில் ஆடிய அணி, அத்தான் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு வருஷம் ஆடிய முதல் பிரிவு. இனிமேல் நமக்கு விளையாட்டு வேண்டாம் என்று கம்பெனி ஒரு நாள் முடிவு செய்தது. காலையில் பயிற்சிக்குப் போனவர்கள் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க, இன்னைக்கு சீக்கிரமே முடிஞ்சிடுச்சா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சிடுச்சு," என்றார்.

அதோடு சரி. அதைப் பற்றி அவர் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

என் கடையில் திரை மாட்டிக்கொண்டிருந்தவர் அந்தச் சமயம் பார்த்து வேலையை விட்டுப் போயிருந்தார். ஏணியும் ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. "அத்தான், சும்மாதானே இருக்கீங்க, ரெண்டு நாள் வாங்க" என்று கூப்பிட்டேன். அந்த இரண்டு நாள் பதினைந்து வருஷமாக நடக்கிறது. வீடுகளுக்குப் போய் ஜன்னலை அளந்துகொண்டு வருவார். நான் தைப்பேன். அவர் போய் மாட்டுவார். அவருக்கு ஏணி வேண்டாம். ஒரு கையில் ட்ரில்லிங் மெஷின், ஒரு கையில் கம்பி, அரை மணியில் ஒரு வீடு முடிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு சின்னத் தொல்லை இருந்தது. திரையை ஒதுக்கிக் கட்டும் கொக்கிகளை எல்லாம் தன் நெஞ்சு உயரத்துக்கு அடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரு பாட்டு டீச்சர் கடைக்கே வந்து கேட்டார், "ஸ்கிரீன் ரொம்ப அழகா இருக்குங்க. தெனமும் காலைல தெறக்கறதுக்கு இவரையே அனுப்புவீங்களா, இல்ல நான் ஸ்டூல் வாங்கிக்கணுமா?" ஒரு மாதம் ஊரெல்லாம் சுற்றிக் கொக்கிகளைக் கீழே இறக்கினோம். அவர் இறக்கினார், நான் கூடவே நின்று திட்டினேன்.

வேலை பழகிவிட்டது. ஆட்டத்தைத்தான் அவரால் விட முடியவில்லை. சின்னப் பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இவர் பார்க்காமல் பாஸ் கொடுத்தார். மூன்றே நாளில் இரண்டு மூக்கு உடைந்தது. நான்காவது நாள் பெற்றோர்கள் வாசலிலேயே நின்று மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பார்வையாளராக இருந்து பார்த்தார். நகராட்சி உள்ளரங்கத்தில் ஞாயிறு தோறும் ஊழியர் அணிகளுக்குள் லீக் ஆட்டம் நடக்கும். வார நாளில் தபால் போடுகிறவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அத்தான் மேல்வரிசையில் உட்கார்ந்து நடுவர்களைத் திட்டுவார். உட்கார்ந்து என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க மாட்டார். அக்காவும் மகளும் மெல்ல மெல்ல நகர்ந்து ஐந்து நாற்காலி தள்ளிப் போய், யாரோ எவரோ என்று இருப்பார்கள்.

அந்த நடுவர்களில் மூத்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான அம்மா. வார நாட்களில் ஊருக்கெல்லாம் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை விசில். வாயைத் திறக்கச் சொல்லவும் தெரியும், மூடச் சொல்லவும் தெரியும். ஒரு நாள் அத்தான், "அது ஃபவுலே இல்ல. கண்ணத் தொறந்து பாருங்க" என்று கத்தியதும், அந்த அம்மா விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராகப் படியேறி வந்தார்.

"அவ்வளவு நல்லாத் தெரியுதுன்னா கீழ எறங்கி வந்து ஊதுங்க. மேல உக்காந்து பாத்தா எல்லாருக்கும்தான் தெரியும்," என்றார். "இப்ப வெளிய போங்க."

அத்தான் போய்விட்டார். ஆட்டம் முடிகிறவரை வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் வீட்டில் எதுவும் பறக்கவில்லை. எட்டாம் நாள் என்னிடம், "மச்சான், நடுவர் பரீட்சைக்கு ஏதோ புஸ்தகம் இருக்காமே, அது எங்க கெடைக்கும்?" என்றார்.

அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. கூடைப்பந்துச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. முதல் முறையாக நடுவர் உரிமம் வாங்குகிறவர் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குள் வாங்கிவிட வேண்டும். தாண்டினால் தலைகீழாக நின்றாலும் கிடையாது. மூன்று கட்டம்: எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை, கடைசியாக மதிப்பீட்டாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முழு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். நான் நடக்கிற காரியமா என்றேன். அக்காதான் ஒரே போடாகப் போட்டாள். "ஒண்ணு கோர்ட்ல நிக்கட்டும், இல்ல வீட்ல நிக்கட்டும். பதினாலு வருஷமா ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு எங்க உயிர வாங்கறாரு. போய் எழுதட்டும்டா."

முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் தேறவில்லை. பதில் தெரியாமல் இல்லை. நாலு கேள்விகளுக்குப் பக்கத்தில், "இந்தக் கேள்வியே தப்பு" என்று எழுதிவைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டாவது தடவைக்கு மகள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் விதிப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "அப்பா, நடுவர் மேல பந்து பட்டா?" என்பாள். "தரையில பட்ட மாதிரி. ஆட்டம் தொடரும்." "சரி. சாப்பிடுங்க." தப்பாகச் சொன்னால் தட்டை இழுத்துக்கொள்வாள். ஒரு மாதத்தில் மூன்று கிலோ இளைத்துத் தேறிவிட்டார்.

ஓட்டப் பரீட்சைதான் பெரிய கண்டம். இருபது மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு. ஒரு கருவி 'பீப்' என்று கத்துவதற்குள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஓடிவிட வேண்டும். கத்தல் போகப் போக வேகமாகும். எங்கள் கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் இடத்தில் தையல் சுண்ணாம்புக்கட்டியால் நான் கோடு போட்டேன். செல்போனில் அந்தப் பீப் சத்தத்தை ஓட விட்டுக்கொண்டு ஒரு மரப்பெட்டி மேல் உட்காருவேன். அவர் ஓடுவார். அக்கா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அவரை நிறுத்தினாள். "அந்த எடது முழங்கால் நான் சரி பண்ணது. எனக்குச் சொந்தம். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்." ஒவ்வொரு கோட்டிலும் இடது காலை ஊன்றாமல் வலது காலை ஊன்றித் திரும்ப அவளே கற்றுக்கொடுத்தாள். பரீட்சை அன்று கடைசி பீப்புக்கும் இவர் கால் கோட்டில் பட்டதற்கும் நடுவே ஒரு மயிரிழைதான் இருந்தது. தேறிவிட்டார்.

இதற்குள் நானும் ஸ்கோர் எழுதப் பழகியிருந்தேன். அந்த மேசைக்கு எப்போதும் ஆள் பஞ்சம். அத்தான் பயிற்சி ஆட்டங்களில் ஊதிப் பழகியபோது துணைக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். யார் எத்தனை போட்டார், யார் பாஸ் கொடுத்தார், யார் தள்ளினார் என்று கட்டம் கட்டமாகக் குறிக்கிற வேலை. நுணுக்கமாகப் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு அது சிரமமில்லை. "மச்சான் ஸ்கோர் எழுத, அத்தான் விசில் ஊத, இது என்ன குடும்பக் கம்பெனியா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், பங்கு வேணுமா என்று கேட்டேன்.

மதிப்பீட்டு ஆட்டத்துக்குத் தேதி வந்தது. அவர் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால். அந்த வருஷ லீக்கில் அதுதான் கடைசி ஞாயிறு. இதில் கோட்டைவிட்டால் இன்னொரு ஆட்டம் கிடையாது. மதிப்பீட்டாளர் யார் என்று பார்த்தால் பல் டாக்டர் அம்மா. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

தீயணைப்பு நிலையத்து அணிக்கும் ரொட்டித் தொழிற்சாலை அணிக்கும் ஆட்டம். அத்தானோடு இன்னொரு நடுவர், இருபத்தாறு வயதுப் பெண், உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆனவள். டாக்டர் அம்மா எனக்கு எதிர்ப்பக்கம் முதல் வரிசையில் படிவத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவும் மகளும் மேல்வரிசையில். இந்த முறை நகர்ந்து உட்காரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அத்தான் பிரமாதமாக ஊதினார். தகராறு எங்கே வரப்போகிறதோ அங்கே தகராறுக்கு முன்னாலேயே போய் நின்றார். தீயணைப்பு அணியில் ஒரு மலை மாதிரி ஆள், முழங்கையால் இடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். அவரிடம் போய் ஏதோ மெல்லச் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஆள் பரம சாது. நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டே மனசுக்குள் உரிமத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

கடைசி இருபது வினாடி. தீயணைப்பு அறுபத்தொன்று, ரொட்டி அறுபது. பந்து ரொட்டி அணியிடம். டாக்டர் அம்மா தலையைக் குனிந்து படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மலை மாதிரி ஆள் வேறு அவருக்கும் அத்தானுக்கும் நடுவே நின்றார். ரொட்டி அணிக்காரன் ஒருவன் பதற்றத்தில் பந்தைக் குருட்டாம்போக்கில் வீசினான். அது பக்கக் கோட்டருகே நின்ற அத்தான் நெஞ்சுக்கு நேராக வந்தது.

எந்த நடுவராக இருந்தாலும் ஒதுங்குவார். இல்லையென்றால் மேலே பட்டுத் தெறிக்க விடுவார். அத்தான் இரண்டு கையாலும் பிடித்தார். கண் நேரே கூடையைப் பார்த்தது. பந்து இடது பக்கம் போயிற்று. அங்கே மூலையில் ரொட்டி அணியின் ஒன்பதாம் எண் தனியாக நின்றான். யாரும், அவன் அணிக்காரர்களேகூட, அவனைப் பார்த்திருக்கவில்லை. பந்து அவன் கையில் போய் உட்கார்ந்தது. அவனும் யோசிக்கவில்லை, போட்டான். தூரத்திலிருந்து போட்டது, மூன்று புள்ளி.

நான் ஒன்பதுக்கு நேரே மூன்று போட்டேன். பாஸ் கொடுத்தவர் யார் என்ற கட்டத்துக்குப் பேனா போனது. அங்கேதான் என் கை நின்றது.

அரங்கம் இரைந்தது. சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நெட்டை, நீ எந்த டீமுய்யா?" என்று மேலிருந்து ஒருவர் கேட்டார். அத்தான் விசில் ஊதினார். இரண்டு கையையும் தன்னுடையதே இல்லை என்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

ரொட்டி அணித் தலைவர் ஓடி வந்தார். "நடுவர் மேல பட்டா தரையில பட்ட மாதிரிதானே? ஆட்டம் தொடரும். கூடை செல்லும்."

"எங்கய்யா பட்டுச்சு? அவர் புடிச்சுக் குடுத்தாரு," என்றார் தீயணைப்புத் தலைவர்.

கூட இருந்த நடுவர்ப் பெண் கூடைக்குக் கீழே நின்றவள். அவள் கவனமெல்லாம் அங்கே தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேல். அத்தானிடம் வந்து மெல்லக் கேட்டாள். "சார், நான் பாக்கல. உங்க மேல பட்டுச்சா?"

என்னால் அந்த நிமிஷத்தை மறக்க முடியாது. பட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழுப் பொய்யும் இல்லை, கையும் உடம்புதானே. விதியும் அவர் பக்கம் இருக்கிறது. டாக்டர் அம்மா குனிந்திருந்ததை நான் பார்த்தேன், அவரும் பார்த்திருப்பார். பட்டுச்சுன்னு சொல்லித் தொலைங்க அத்தான் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மனுஷர் லாரிகளுக்கு நடுவே ஓடிய ஓட்டத்தை மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அத்தான் மேசைக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "என் மேல படல. நான் புடிச்சேன். புடிச்சு பாஸ் குடுத்தேன். தப்பு என்னோடது. கூடை கெடையாது. ரொட்டிக்காரங்க பந்து, நான் நின்ன எடத்துலேர்ந்து. கடிகாரத்தத் திருப்பி வைங்க."

நான் மூன்றை அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ரொட்டித் தலைவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். மறுபடி ஆட்டம் தொடங்கி, அவர்கள் அவசரமாக எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஒன்பதாம் எண் போகும்போது அத்தானிடம், "சார், நீங்க எங்க டீமுக்கே வந்துருங்க," என்றான். அவன் கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நடுவர்களின் அறை ஒரு பெஞ்சும் ஒரு கண்ணாடியும் போட்ட சின்ன அறை. கையெழுத்துக்காக ஸ்கோர் தாளை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அம்மா நின்றபடியே படிவத்தைப் புரட்டினார்.

"ஓட்டம் பரவாயில்ல. கை சைகையெல்லாம் தெளிவா இருக்கு. அந்தப் பெரிய ஆள் கிட்ட என்ன சொன்னீங்க?"

"முழங்கைய மடக்கி வெச்சுக்கோ, எனக்கு அந்த வேலையெல்லாம் உன்னவிட நல்லாத் தெரியும்னு சொன்னேங்க."

"ம்." அவர் ஒரு பக்கம் திருப்பினார். "அந்த மூலைல ஆள் நின்னான் இல்ல, ஒன்பது. நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. எப்படித் தெரிஞ்சுது?"

அத்தான் நிமிர்ந்தார். "நீங்க பாத்தீங்களா? எழுதிக்கிட்டில்ல இருந்தீங்க."

"எழுதிக்கிட்டே பாக்கற பழக்கம் எனக்கும் உண்டு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தெரியும்ங்க. யார் எங்க நிக்கறாங்கன்னு எப்பவும் தெரியும். அது போகல. முழங்கால்தான் போச்சு."

அறைக்கு வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா படிவத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பட்டுச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா இதக் கிழிச்சிருப்பேன்," என்றார். "யார் எங்க நிக்கறாங்கன்னு பாக்காமலே தெரியற கண்ணு ஒரு நடுவருக்கு வேணும். எனக்கே அது அவ்வளவு கெடையாது. கைய மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க." கதவு வரை போனவர் திரும்பினார். "இருபத்தாறு வருஷமா ஊதறேன். அந்த மாதிரி ஒரு பாஸ் நான் பாத்ததில்ல."

கதவு மூடியது. அத்தான் படிவத்தை எடுக்கவில்லை. அது அங்கேயே பலகையில் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார், ஆறடி மூன்று அங்குலமும் குலுங்கியது. நானும் அழுதேன். வேறு எவனாவது இதைப் பார்த்துச் சொல்லிவிடுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். அக்கா உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, தோற்றுவிட்டார் என்றே நினைத்து, "போனாப் போகுதுங்க, விடுங்க" என்று அவர் தலையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த மகள்தான் பலகையிலிருந்து படிவத்தை எடுத்துப் படித்துவிட்டு, "அம்மா, அப்பா பாஸு" என்றாள்.

அதற்கடுத்த ஆட்டங்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். அந்த வாரம் வியாழக்கிழமை, நான் ஒரு ஹோட்டலுக்கு நாற்பது ஜன்னல் துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைப் போன் அடித்தது. அத்தான் எடுத்தார். புது வீட்டுக்காரர் ஒரு அம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார் என்பது இந்தப் பக்கப் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம முடியாதுங்க," என்றார் அத்தான். "எனக்கு ஆட்டம் இருக்கு."

நான் மெஷினை நிறுத்தினேன்.

"ஆமாங்க, எனக்குத்தான். காலைல பத்து மணிக்கு. எட்டரைக்கெல்லாம் போயிடணும். ஆட்டம் இருக்கறப்ப சனிக்கெழம ராத்திரியே சீக்கிரம் தூங்கிடுவேன். ஆமாங்க, ஆட்டம்."

அந்த அம்மா திங்கள்கிழமை வந்தால் போதும் என்று எப்போதோ சொல்லிவிட்டார். போனிலிருந்து அது எனக்கே கேட்டது. அத்தான் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.